மாவு ஆர்டர் பக்கம் ஒன்று, மொழி நான்கு: சர்வர் பக்கம் முதலில் எதைப் படிப்பது?

அக்கா பெரம்பூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும், அவள் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள், சாயங்காலம் யாருக்கு எத்தனை பாக்கெட் என்று கூட்டிப் பார்க்கும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். அவள் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். போன மார்கழியில் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "மாமா, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு வந்துடுச்சு, கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் தெரியும். ஃபார்ம் அழகா போட்டுட்டேன். ஆனா சப்மிட் அழுத்தினா அது எங்க போகுதுன்னே தெரியல. சர்வர் பக்கம் எதைப் படிக்கட்டும்? ஒருத்தர் நோட் ஜேஎஸ்ங்கிறார், இன்னொருத்தர் பைத்தான்ங்கிறார், நீங்க என்னடான்னா பிஎச்பியிலயே பொழப்ப ஓட்டுறீங்க."

கடைசி வரியில் ஒரு குத்தல் இருந்தது, நியாயமும் இருந்தது. பிஎச்பியில் சோறு தின்கிறவன் பிஎச்பியைத்தான் நல்லது என்பான். அதனால், வாதமே வேண்டாம், ஒரே பக்கத்தை பிஎச்பி, நோட் ஜேஎஸ், பைத்தான், ஜாவா என்று நாலு மொழியிலும் எழுதிப் பார்ப்போம், எதில் உனக்கு விஷயம் விளங்குகிறதோ அதைப் பிடித்துக்கொள் என்றேன். அப்படி ஆரம்பித்தது, ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வீட்டுக் கூடத்தில், பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தத்தோடு, ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய 4 ஜிபி ரேம் லேப்டாப்பில், நடுவில் ரெண்டு வாரம் கல்யாணம் காட்சி என்று போனதையும் சேர்த்துச் சித்திரை வரை இழுத்தது.

எழுத வேண்டிய பக்கம் இவ்வளவுதான்: பெயர், போன் நம்பர், எத்தனை பாக்கெட் என்று மூன்று பெட்டி, ஒரு பட்டன். கீழே இன்றைய ஆர்டர் பட்டியல், அதற்கும் கீழே மொத்தப் பாக்கெட் எண்ணிக்கை. பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் பிரவுசர் அனுப்புவதை வாங்குவது, அது சரியா என்று பார்ப்பது, டேட்டாபேஸில் போடுவது, திரும்ப எடுத்துக் காட்டுவது என்று சர்வர் பக்கத்து அடிப்படை முழுக்க இதற்குள்ளேயே வந்துவிடும். இதைச் சொந்தமாக எழுதத் தெரிந்தவளுக்குப் பேங்க் சைட்டும் இதன் பெரிய தம்பி மாதிரிதான்.

முதல் ஞாயிறு பிஎச்பி. ஸாம்ப் என்று ஒரு பொட்டலம் இருக்கிறது, அப்பாச்சி வெப் சர்வர், மரியாடிபி டேட்டாபேஸ், பிஎச்பி எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தது. அப்பாச்சி மட்டும் கிளம்ப மாட்டேன் என்றது, சிவப்பு எழுத்தில் ஏதோ கத்தியது, அவள் லேப்டாப்பையே கெடுத்துவிட்டோமோ என்று பயந்துபோனாள். வெப் சர்வர் வழக்கமாக உட்காரும் வாசலான 80ஆம் போர்ட்டில் வேறு ஏதோ ஒரு சாஃப்ட்வேர் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தது, அவ்வளவுதான். கான்ஃபிக் ஃபைலில் 8080 என்று மாற்றினோம், ஓடியது. போர்ட் என்றால் என்ன என்று நான் தனியாகப் பாடம் எடுக்க வேண்டிய வேலை மிச்சம். அப்புறம் எச்டிடாக்ஸ் என்ற ஃபோல்டரில் ஒரு ஃபைல், அதில் ஒரே வரி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று அடித்தால் 'வணக்கம்' வந்து நிற்கிறது. நடுவில் அக்கா கொடுத்த காபியையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்த மதியமே நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும், என் முடிவு பாதி அங்கேதான் உருவானது. டேட்டாபேஸுக்கு இன்னும் போகவில்லை. மொத்த ஆர்டர் எத்தனை என்று காட்ட அவளாகவே ஒரு வேரியபிள் வைத்தாள், ஆரம்பத்தில் பூஜ்யம், ஒவ்வொரு சப்மிட்டுக்கும் ஒன்று கூட்டு. சப்மிட் அழுத்தினாள், 1 என்று வந்தது. மறுபடி அழுத்தினாள், 1. பத்து தடவை அழுத்தினாலும் 1. "மாமா, இதுக்குக் கூட்டவே தெரியல!"

கூட்டத் தெரியும், நினைவில் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது. பிஎச்பியில் பிரவுசரிலிருந்து ஒரு கோரிக்கை வந்தால் அந்த ஃபைல் மேலிருந்து கீழ் வரை ஒருமுறை ஓடும், பதிலைக் கொடுக்கும், செத்துப்போகும். அடுத்த கோரிக்கைக்கு எல்லாம் புதிதாக ஆரம்பம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு புது ஆள் வந்து, கிரைண்டரைக் கழுவி, அரைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போவது மாதிரி. நேற்று வந்தவர் என்ன அரைத்தார் என்று இன்று வருகிறவருக்குத் தெரியாது, எங்காவது எழுதி வைத்தால்தான் உண்டு. அந்த எழுதி வைக்கிற இடம்தான் டேட்டாபேஸ், செஷன், குக்கி எல்லாம். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவளே கேட்டாள், "அப்ப அம்மா நோட்டு மாதிரி ஒண்ணு வேணும்?" அதேதான்.

இந்த மொழி இப்படி இருப்பதற்கு அதன் பிறப்பும் காரணம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994-இல் தன் சொந்த ஹோம் பேஜுக்காகச் செய்துகொண்ட சின்னச் சின்னக் கருவிகள்தான் இது, அடுத்த வருடம் வெளியே விட்டார். பெயரே அப்போது 'பெர்சனல் ஹோம் பேஜ்' டூல்ஸ். பக்கத்துக்கு நடுவே கொஞ்சம் புரோகிராம் செருகுவது என்ற எண்ணத்தில் பிறந்ததால், எச்டிஎம்எல் தெரிந்தவளுக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. ஏற்கெனவே எழுதிய ஃபைலின் பெயர்க் கடைசியை மாற்றி, நடுவில் நாலு வரி போட்டால் போதும்.

சரி, இதிலேயே அழுக்கும் இருக்கிறது. பிஎச்பி உங்களைத் தப்புச் செய்ய ரொம்பச் சுலபமாக விட்டுவிடும். இரண்டாவது ஞாயிறு டேட்டாபேஸ் சேர்த்தோம், பத்து ஆர்டர் போட்டுப் பார்த்தாள், எல்லாம் ஒழுங்காகப் போனது. பதினோராவதாக அக்காவின் பழைய நோட்டிலிருந்து ஒரு பெயர் எடுத்தாள், டி'சூசா. பெரம்பூரில் ரயில்வே காலத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இன்னும் உண்டு, அவர்களுக்கும் இட்லி வேண்டும். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை அடித்துச் சப்மிட் செய்ததும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் மொழி) பிழை என்று பக்கம் படுத்துவிட்டது. நடுவில் இருக்கிற அந்த ஒற்றை மேற்கோள் குறிதான் காரணம். பெயரைக் கட்டளையோடு சேர்த்து ஒட்டியிருந்தாள், பெயருக்குள் மேற்கோள் வந்ததும் பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் நினைத்துக்கொண்டது.

வெறும் பிழையோடு விட்டிருந்தால் அவள் ஏதாவது ஒட்டுப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பாள். அதனால் போன் நம்பர் கொடுத்தால் அந்த ஆளின் ஆர்டரைக் காட்டுகிற தேடல் பெட்டியில் நான் ஒரு மேற்கோள் குறி போட்டு, 'அல்லது 1=1' என்று பொருள்படும் எஸ்க்யூஎல் துண்டைச் சேர்த்து அடித்தேன். எல்லார் பெயரும் எல்லார் போன் நம்பரும் வரிசையாக வந்து நின்றன. அவள் முகம் மாறியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குக் கற்றுக்கொண்டாள் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட், அதாவது கட்டளையைத் தனியாகவும் ஆள் அடித்ததைத் தனியாகவும் அனுப்புவது. அதற்கப்புறம் ஒருமுறை கூட ஒட்டி எழுதவில்லை.

இந்த ஓட்டை நாலு மொழியிலும் உண்டு, ஒட்டி எழுதினால் எங்கேயும் இதே கதைதான். வெறும் பிஎச்பியில் இன்னொரு குறையும் உண்டு. அவள் தம்பி பெயர்ப் பெட்டியில் எச்1 டேக் போட்டுத் தன் பெயரை அடித்தான், பட்டியல் நடுவே அவன் பெயர் மட்டும் சினிமா பேனர் சைஸுக்கு வீங்கி நின்றது. இதே வழியில் ஒருவன் ஸ்கிரிப்ட் டேக் போட்டால் பக்கத்தைப் பார்க்கிற அத்தனை பேர் பிரவுசரிலும் அவன் நினைத்தது ஓடும். வெறும் பிஎச்பியில் வெளியே காட்டும் ஒவ்வொரு இடத்திலும் நாமே அதைச் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு இடத்தில் மறந்தால் போச்சு. பைத்தானில் வெப் பக்கம் எழுத உதவும் பிளாஸ்க் என்ற ஃப்ரேம்வொர்க் அதன் டெம்ப்ளேட்டிலேயே இதைக் கழுவி வைத்துவிடுகிறது, இன்னொன்றான ஜாங்கோவும் அப்படியே. இதில் பைத்தானுக்குத்தான் மார்க்.

அப்புறம் பிஎச்பி ஃபங்ஷன் பெயர்கள். ஒன்றில் நடுவே அண்டர்ஸ்கோர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. எதற்குள் தேட வேண்டும் என்பதை ஒரு ஃபங்ஷன் முதலில் கேட்கும், எதைத் தேட வேண்டும் என்பதை இன்னொன்று முதலில் கேட்கும். இத்தனை வருடம் எழுதியும் நானே இன்னும் கையேட்டைப் பார்த்துத்தான் அடிக்கிறேன். 2020 நவம்பரில் 8ஆம் பதிப்பு வரும் வரை 'ஏபிசி' என்ற எழுத்துத் தொடரும் பூஜ்யமும் சமமா என்று ரெண்டு சமக்குறி போட்டுக் கேட்டால் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மொழி இது. இப்போது திருந்திவிட்டது. ஆனாலும் மூன்று சமக்குறி போடப் பழகு என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நோட் ஜேஎஸ். ரயன் டால் 2009-இல் கொண்டு வந்தது, பிரவுசருக்குள் இருந்த ஜாவாஸ்கிரிப்டை வெளியே இழுத்து சர்வரில் உட்கார வைத்தது. இதன் பெரிய கவர்ச்சி எல்லாருக்கும் தெரிந்ததே, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே மொழி. அவளுக்குக் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் வேறு தெரியும், அதனால் இதுதான் ஜெயிக்கும் என்று நானே எதிர்பார்த்தேன்.

இங்கே எச்டிடாக்ஸ் கிடையாது, சர்வரையே நீங்கள்தான் எழுத வேண்டும், எக்ஸ்பிரஸ் என்ற லைப்ரரியை வைத்துப் பத்து வரியில் முடிந்துவிடும். இந்த முகவரிக்குக் கேட்டால் இதைக் கொடு, அந்த முகவரிக்கு ஃபார்ம் வந்தால் அதைச் செய் என்று கண்ணெதிரே எழுதுவதால், பக்கத்தைக் கேட்கும் கெட், ஃபார்மை அனுப்பும் போஸ்ட் இரண்டின் வித்தியாசம் பிஎச்பியைவிட இதில் சுத்தமாக விளங்கியது. அதை மறைக்க மாட்டேன். எக்ஸ்பிரஸ் ஒன்றைத்தான் இறக்கினோம், கூடவே டஜன் கணக்கில் மற்ற பொட்டலங்களும் வந்து இறங்கின, கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் குடும்பமே வேன் வைத்து வருவது மாதிரி. 2016-இல் ஒருவர் தன் பதினோரு வரிப் பொட்டலம் ஒன்றை நோட் பொட்டலங்களின் கிடங்கான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, ஆயிரக்கணக்கான ப்ராஜெக்டுகள் ஒரே நாளில் படுத்த கதை இந்த உலகத்தில் பிரசித்தம்.

பழைய எண்ணும் வேரியபிளை இதிலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 1, 2, 3, 4 என்று ஏறியது. அவளுக்கு ஒரே குஷி. "பாருங்க மாமா, இது ஞாபகம் வெச்சுக்குது!" அரை மணி நேரம் கழித்து ஏதோ ஒரு வரியை மாற்றிவிட்டு சர்வரை நிறுத்தி ஓட்டினாள். மறுபடி 1. சர்வர் நின்றதும் அந்த ஞாபகமும் போய்விட்டது.

நோட் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அக்காவே உதாரணம். மாவு அரைபடும் நேரம் முழுக்க அவள் கிரைண்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. அரிசியை ஓட விட்டுவிட்டு உளுந்தைக் களைவாள், போனில் ஆர்டர் வாங்குவாள், பாக்கெட் கட்டுவாள், அரைபட்டதும் திரும்பி வருவாள். ஒரே ஆள், பல வேலை. அதனால்தான் சாட், லைவ் அப்டேட் மாதிரி ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தொடர்பில் காத்துக்கொண்டிருக்கும் வேலைக்கு இது பிரமாதம். ஆனால் அந்த ஒரே ஆளை நடுவில் பெரிய கணக்கு ஒன்று போட உட்கார வைத்தால் வாசலில் நிற்கிற எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான், அவள் வழுக்கி விழுந்தால் அன்றைக்குக் கடை மூடல்: எங்கோ பிடிக்காமல் விட்ட ஒரு பிழை மொத்த ப்ரோசஸையும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையே, சாய்த்துவிடும். பிஎச்பியில் விழுகிறவர் அந்த ஒரு ஆர்டரோடு விழுவார், அடுத்தவர் வந்து அரைப்பார்.

படிக்கிறவளுக்கு இது கொடுத்த தலைவலி வேறு மாதிரி. டேட்டாபேஸிலிருந்து ஆர்டர்களை எடு என்று ஒரு வரி, எடுத்ததைக் காட்டு என்று அடுத்த வரி. ஆர்டருக்குப் பதில் 'பிராமிஸ், பெண்டிங்' என்று வந்தது. முதல் வரி முடிவதற்குக் காத்திருக்காமல் ரெண்டாவது வரி ஓடிவிட்டது. முடியும் வரை காத்திரு என்று சொல்லும் அவெய்ட் போட்டால் சரியாகும் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஏன் போட வேண்டும் என்று அவளுக்கு உறைக்க ரெண்டு ஞாயிறு ஆனது. கஷ்டமான பாடம் என்பதால் வேண்டாம் என்கவில்லை. ஃபார்ம் என்றால் என்ன, டேட்டாபேஸ் என்றால் என்ன என்று தடவிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் இதையும் தலையில் ஏற்றுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

பைத்தானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் சண்டையே வரவில்லை. படிக்கச் சுகமான மொழி. கமா, பிராக்கெட் இரைச்சல் கம்மி, வரியைத் தள்ளி எழுதும் ஒழுங்கு தானாக வரும். அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் படிப்பில் முதலாண்டிலேயே பைத்தான் வைத்திருக்கிறார்கள், ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். பட்டப்படிப்பில் வெப் ஆப் பாடத்தை பிளாஸ்க் வைத்துத்தான் நடத்துகிறார்கள். அதனால் சென்னையில் சந்தேகம் கேட்க எந்தத் தெருவிலும் ஒரு தம்பி கிடைப்பான். நம் பக்கத்தை பிளாஸ்கில் ஒரே ஞாயிற்றில் முடித்தாள், அதற்குள் மூன்றாவது மொழி என்பதும் ஒரு காரணம். இந்த பிளாஸ்க், 2010-இல் அர்மின் ரோனாகர் ஏப்ரல் ஒண்ணாம் தேதி விளையாட்டாகச் செய்த ஒன்றிலிருந்து வளர்ந்தது. ஜாங்கோ அதற்கு மூத்தது, அமெரிக்காவில் கன்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி 2005-இல் வெளியே வந்தது. ஆர்டர்களைப் பார்க்க, திருத்த ஒரு அட்மின் பக்கத்தை ஜாங்கோ ஓசியில் கொடுத்துவிடும், அக்காவுக்கு அது போதும். ஆனால் அடிப்படை படிக்கிறவளுக்கு அது ரொம்ப அதிகம், எல்லாவற்றையும் அதுவே செய்துவிட்டால் அடியில் நடப்பது கண்ணில் படாது.

நடுவில் தமிழ் ஒரு வம்பு பண்ணியது. பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு சோதனை வைத்திருந்தாள். சும்மா 'கற்பகவல்லி' என்று அடித்துப் பார்த்தோம், பெயர் நீளம் என்று பிஎச்பி திருப்பி அனுப்பிவிட்டது. விரல் விட்டு எண்ணினால் ஏழே எழுத்து. வழக்கமான நீளம் பார்க்கும் ஃபங்ஷன் பிஎச்பியில் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறியீடு, ஆக 10 குறியீடு, 30 பைட். எம்பி என்று தொடங்கும் மாற்று ஃபங்ஷனைப் போட்டால் 10 என்று சொல்லும். நோட்டும் பைத்தானும் நேராகவே 10 என்கின்றன, ஏழு என்று எதுவுமே தானாகச் சொல்வதில்லை. தமிழில் ஃபார்ம் வைக்கப் போகிறவர்கள் இதை முதல் வாரத்திலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள். கூடவே கும்பிடும் கை எமோஜி ஒன்றையும் பெயரோடு சேர்த்து அனுப்பிப் பாருங்கள், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் பழைய மூன்று பைட் யூடிஎஃப்-8 வைத்திருந்தால் தமிழ் போகும், எமோஜி போகாது, எம்பி4 என்று முடிவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜாவாவுக்கு வருவோம். வந்தோம், லேப்டாப் திணறியது. 4 ஜிபியில் ஐடிஇயையும் (புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேர்) ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கையும் ஒன்றாகத் திறந்தால் ஃபேன் சத்தம் கிரைண்டரோடு போட்டி போட்டது. அந்த மூன்று பெட்டிப் பக்கத்துக்கு எத்தனை கிளாஸ், எத்தனை அனோட்டேஷன். ஒரு பாக்கெட் மாவுக்கு லாரி பிடித்த மாதிரி இருந்தது. ஒரு ஞாயிறோடு நிறுத்திவிட்டோம். இதை ஜாவாவின் குறை என்று சொன்னால் தப்பு, அது நூறு பேர் பத்து வருடம் சேர்ந்து எழுதும் வேலைக்காக ஒழுங்கு பிடித்து வைத்திருக்கும் மொழி. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் ஓடுவதற்கு முன்னாலேயே கத்திவிடும், அந்தக் கண்டிப்பு பெரிய இடங்களுக்கு வேண்டும்.

இனி காசுக் கணக்கு. படிக்கும்போது எல்லாமே இலவசம், வெளியே வைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பிஎச்பிக்கு, ஒரே சர்வரைப் பலர் பங்கு போட்டுக்கொள்ளும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் போதும், வருடத்துக்குச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும், ஃபைலை ஏற்றினால் ஓடும். நோட்டுக்கும் பைத்தானுக்கும் பெரும்பாலும் விபிஎஸ் என்று தனியாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, லினக்ஸ் தெரிந்துகொண்டு, ப்ரோசஸ் விழுந்தால் எழுப்பிவிட ஒன்று, முன்னால் நிற்க இன்னொரு சர்வர் என்று கட்ட வேண்டும். வேலைக்குப் போனால் இது எப்படியும் தெரிந்திருக்க வேண்டியதுதான், ஆனால் முதல் பக்கத்தை ஊருக்குக் காட்ட ஆசைப்படும் பெண்ணுக்கு அந்த இடைவெளியில் ஆர்வமே வடிந்துவிடும்.

"பிஎச்பியா, அது செத்துப்போச்சே" என்று ஓஎம்ஆர் டீக்கடைகளில் சொல்வார்கள். சர்வர் மொழி இன்னதென்று கண்டுபிடிக்க முடிகிற சைட்டுகளில் பத்துக்கு ஏழுக்கு மேல் இன்னும் பிஎச்பிதான், விக்கிபீடியா ஓடுவது அதில், இணையத்தில் பத்தில் நாலு சைட்டுக்கு மேல் தாங்குகிற வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருப்பதும் அதில். செத்தது இப்படி நடமாடாது. ஆனால் டீக்கடைக்காரர்கள் முழுக்கத் தப்பும் இல்லை, ஓஎம்ஆரில் சிறுசேரி வரைக்கும் இருக்கிற பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் ஃப்ரெஷராக நுழைய பிஎச்பி பெரிய உதவி செய்யாது. அங்கே ஜாவாதான் பேசும், இப்போது பைத்தானும். நோட் தெரிந்தவர்களை ஸ்டார்ட்அப்கள் தேடுகின்றன. பிஎச்பிக்கான சந்தை கோடம்பாக்கம், அண்ணா நகர், தி.நகர் மாடிப்படிகளில் இருக்கும் பத்துப் பேர் ஏஜென்ஸிகளிலும், ஜவுளிக்கடை, கிளினிக், கல்யாண மண்டபம் என்று நேராக வரும் வாடிக்கையாளர்களிடமும் இருக்கிறது. சம்பளத்தில் வித்தியாசம் இருக்கும், அதை மறைத்து யாரையும் இந்தப் பக்கம் இழுக்க எனக்கு விருப்பமில்லை. ரூபியும் ஒரு வழிதான், சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் ரூபி ஆன் ரெயில்ஸில்தான் வளர்ந்தது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர எனக்கு அது தெரியாது என்பதால் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

இன்ஸ்டிடியூட்டில் சேரட்டுமா என்றும் கேட்டாள். நான் 2009-இல் ஒரு சென்டரில் பணம் கட்டிப் படித்தவன். அன்று கொடுத்த நோட்ஸில் டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல் அண்டர்ஸ்கோர் கனெக்ட் என்று போட்டிருந்தது, அன்றைக்கு அது தப்பில்லை. அந்த ஃபங்ஷன் குடும்பத்தையே 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 தூக்கிவிட்டது. போன வருடம் நண்பரின் பையன் வேறொரு சென்டரில் முப்பத்தைந்தாயிரம் கட்டிவிட்டுக் கொண்டு வந்த நோட்ஸைப் புரட்டினேன், அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு. பேரத்துக்கு முன்னால் நோட்ஸைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அதன் இடத்துக்கு வந்த, ஐ என்ற எழுத்து சேர்ந்த மைஎஸ்க்யூஎல்ஐயோ பிடிஓவோ இல்லாமல் அந்தப் பழைய கனெக்ட் மட்டும் இருந்தால், டோக்கன் அட்வான்ஸ் கூடக் கொடுக்காமல் படி இறங்கிவிடுங்கள். நோட் சொல்லித்தருகிற இடமென்றால் அவெய்ட் எந்த வகுப்பில் வருகிறது என்று கேளுங்கள், எதிரில் இருப்பவர் யோசித்தால் அதுவும் பதில்தான்.

கடைசியில் அவள் பிஎச்பியை எடுத்துக்கொண்டாள். நான் சொன்னதால் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு: "இதுலதான் மாமா எது எங்க நடக்குதுன்னு விரல் வெச்சுக் காட்ட முடியுது." மூன்று மாதம் வெறும் பிஎச்பி, ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்லாமல், பிஎச்பி, எச்டிஎம்எல் கலவை அசிங்கமாகத் தெரிய ஆரம்பிக்கும் வரை. அப்படித் தெரிய ஆரம்பித்ததும் லாரவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க், அல்லது அங்கிருந்தே நோட்டுக்குத் தாவல், அது அப்போது கிடைக்கும் வேலையைப் பொறுத்தது. தாவுவது கஷ்டமாக இருக்காது, மூன்றாவது மொழியை ஒரே ஞாயிற்றில் முடித்தவள்தானே.

அவள் தம்பிக்கு நான் சொன்னது வேறு. அவன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், கேம்பஸில் உட்காரப் போகிறவன், காலேஜில் ஜாவா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நீ அங்கேயே இரு, லேப்டாப்புக்கு மட்டும் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போடலாம் என்றேன். முன்பக்கத்தில் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வரை போய்விட்ட ஒருத்தர் இதே கேள்வியைக் கேட்டால் நோட் என்றுதான் சொல்வேன், அவருக்குப் பிராமிஸ் தலைவலி ஏற்கெனவே வந்து போயிருக்கும். டேட்டா சயின்ஸ் பக்கம் ஒரு கண் இருக்கிறவர் பிளாஸ்கில் ஆரம்பிக்கட்டும்.

மாவுப் பக்கம் இன்னும் லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது. அக்காவுக்கு மட்டும் திறக்கும்படி லாகின் வைத்தால்தான் வெளியே விடுவேன் என்று சொல்லிவிட்டேன். லாகின் எழுதிவிட்டதாகச் சொல்லிப் போன வாரம் ஃபைலைக் காட்டினாள், மூன்றாவது வரியில் பாஸ்வேர்டு அப்படியே பச்சையாக உட்கார்ந்திருக்கிறது, அதுவும் அக்காவின் போன் நம்பர். வருகிற ஞாயிறு பாஸ்வேர்டு ஹேஷ், அதாவது அதை யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றி வைப்பது.